நாலாம் ஷை

குட்மேய்ஸ்
19.8.1990

அன்புள்ள மச்சாள் தவமலருக்கு,

இங்கு நான், இவர், மகள் மூவரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் என் சொல் கேட்பதில்லை. நீயும் மாமியும் உன் மாடுகளும் சுகமென்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனி மாதம் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அதைப் பற்றி அழுது எழுதினால் திட்டுவாய் என்பதால் வேறு கதைக்கு வருகிறேன்.

இதைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசி. நான் திரும்பவும் ஏ.எல். எடுத்திருக்கிறேன். கனவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் இரத்தம் எடுக்கிற வேலை முடிந்ததும், மாலைக் கல்லூரியில் இரண்டு வருஷம் போய் இருந்து படித்தேன். போன வியாழக்கிழமை முடிவு வந்தது. கெமிஸ்ரிக்கும் பயோலொஜிக்கும் ஏ. பிசிக்ஸுக்கு பி. மகள் பார்த்துவிட்டு, "அம்மா, ப்ளீஸ், என்ர ஸ்கூலிலை ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ" என்றாள்.

கெமிஸ்ரி ஆசிரியர் றெஜினோல்ட் கிரெனடா தீவுக்காரர். இது எனக்கு நாலாம் ஷை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எங்கள் நாட்டில் ஏ.எல். பரீட்சையை மூன்று தரம்தான் எடுக்கலாம், ஒவ்வொரு தரத்துக்கும் ஷை என்று பெயர் என்றேன். "மூன்றுக்குப் பிறகு?" என்று கேட்டார். "கலியாணம்" என்றேன். மனிதர் சோதனைக் குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஆக, மெடிசினுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், முப்பத்தாறு வயதில். இவருக்கும் எனக்கும் ஒப்பந்தம்: இந்த ஒரு வருஷம்தான். கிடைத்தால் அவர் சமைப்பார். கிடைக்காவிட்டால் இந்தப் பேச்சை நான் வாழ்நாளில் எடுப்பதில்லை. கண்ணூறு படும் என்பதால் வேறு ஒருவருக்கும் தெரியாது.

இப்போது சிக்கல் என்னவென்றால், இங்கே ஒரே படிவத்தில் ஐந்து இடங்களை நாங்களே தெரிவு செய்து எழுத வேண்டுமாம். நாங்கள் எப்போதடி தெரிவு செய்தோம். புள்ளிகள்தானே எங்களைத் தெரிவு செய்தன. அதிலும் மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி என்று தரப்படுத்தல் வந்த பிறகு அவை கண்ணைக் கட்டிக்கொண்டு தெரிவு செய்தன. யாக்கோப்பு மாஸ்டரின் ரியூசன் கொட்டிலில், நான் நோட்ஸ் எழுத நீ பக்கத்தில் இருந்து காதால் கேட்டாயே, அந்த ஞாபகம்தான் வருகிறது. என் தாளுக்கு அடியில் கார்பன். மேல் தாள் எனக்கு, மங்கல் பிரதி உனக்கு. மங்கலைப் படித்த நீ மிருக வைத்தியராகிவிட்டாய். தெளிவாய்ப் படித்த நான் மூன்று ஷையிலும் விழுந்தேன்.

மாஸ்டர் படிவம் நிரப்புவது பற்றி ஏதோ ஏணிக் கதை சொல்வாரே. எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. கெதியாய் எழுது.

உன் மச்சாள்
ஈசு (சிவனேஸ்வரி என்று கூப்பிட இங்கே ஆளில்லை)


யாழ்ப்பாணம்
30.9.1990

அன்பு மச்சாள் ஈசுவுக்கு,

சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதுகிறேன். அம்மாவும் சுகம். உன் கடிதம் ஐந்து வாரம் எங்கெங்கோ இளைப்பாறிவிட்டு வந்து சேர்ந்தது. வாசித்துவிட்டுக் கிணற்றடியில் தனியாக நின்று சிரித்தேன். அம்மா பேய் பிடித்துவிட்டதென்று பயந்துவிட்டா.

மாஸ்டரின் ஏணி எனக்கு மறக்குமா. "மெடிசின், டென்டல், வெற், அக்ரி. ஒரு படியையும் வெறுமையா விடாதையுங்கோ பிள்ளையள். மேலையிருந்து விழேக்கை பிடிக்க ஏதாலும் வேணும்." நான் விழும்போது பிடித்தது மூன்றாம் படி, மிருக வைத்தியம். அதனால் அவர் சொன்னபடியே செய். மெடிசினை மூன்று இடத்தில் போடு. ஒன்றில் டென்டல். கடைசியில் மாட்டையும் போட்டுவை, அது ஒருவரையும் கைவிடாது.

எனக்கு இரண்டு சாமான் வேண்டும். கையுறை கொஞ்சம். பிறகு, மனித உடம்பு பற்றிய பெரிய புத்தகம் ஒன்று, பழசானாலும் பரவாயில்லை. மாட்டுக்கும் மனிதருக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று மாஸ்டர் சொல்வார். எனக்கு அந்தச் சின்ன வித்தியாசம்தான் தேவை.

வேலை இருக்கிறது, நிறுத்துகிறேன். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவு.

தவம்


குட்மேய்ஸ்
25.11.1990

அன்புள்ள தவத்துக்கு,

எல்லோரும் நலம். நல்லெண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போனதில், வார்டில் ஒரு கிழவர் மணத்தைப் பிடித்து "இன்று நூடில்ஸா?" என்று கேட்டார். மாமியின் சுகத்தை எழுது. உன் சுகத்தைப் பற்றி நீ எழுதினது எனக்குப் போதவில்லை.

உன் கடிதம் நல்ல நேரத்துக்கு வந்தது. மார்கழி நடுப்பகுதிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். மாஸ்டரின் ஏணியை அப்படியே எழுதி, நேற்றுப் பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டுப் பெட்டிக்கு ஒரு கும்பிடும் போட்டேன். பின்னால் நின்ற வெள்ளைக்கார அம்மா வழிவிட்டு நின்றா.

இடங்களை எப்படித் தெரிந்தேன் என்று கேள். இல்ஃபோர்ட் நூலகத்தில் மருத்துவக் கல்லூரிப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அள்ளி வைத்துக்கொண்டு படம் பார்த்தேன். எல்லாப் படத்திலும் பிள்ளைகள் புல்லில் படுத்துக்கிடந்து சிரிக்கிறார்கள். நரைத்த தலை ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்று அகப்பட்டது. கீழே வாசித்தால் அவர் டீன், பீடாதிபதி. சில கல்லூரிகள் முப்பதுக்கு மேல் வரவேண்டாம் என்று மரியாதையாகவே எழுதியிருக்கின்றன. அவற்றை விட்டேன். வடக்கே, தெற்கே என்று தூர இடங்களையும் விட்டேன், இவரின் சமையலை மகள் எத்தனை நாள் தாங்குவாள். கடைசியில் எங்கள் ஸ்டேஷனிலிருந்து ஒரே ரயில் மாற்றத்தோடு போகக்கூடிய மூன்று. டென்டல் ஒன்று. உன் மரியாதைக்கு, கம்டன் ரவுன் மிருக வைத்தியக் கல்லூரியில் மாடு.

நூலகத்தில் ஒரு விபத்து. பக்கத்து வீட்டு ராஜலட்சுமி வந்துவிட்டா. திருச்சிக்காரி. கணவர் ஜம்புநாதன் டாக்டர்.

"யாருக்குங்க இத்தனை மெடிக்கல் காலேஜ் புக்கு?"

"அண்ணையின்ரை மகனுக்கு."

"உங்களுக்கு அண்ணனே இல்லேன்னு சொன்னீங்களே."

"ஒன்றுவிட்ட அண்ணை."

"ஆமா, பையனுக்கு என்ன வயசு?"

என் வாய் இருக்கிறதே. இருபத்து மூன்று, நல்ல உயரம் என்றெல்லாம் சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவனுக்கு இரண்டு சம்பந்தம் வந்தது. ஒன்று தோர்ண்டன் ஹீத்தில் வீட்டோடு.

கையுறையும் புத்தகமும் கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் அனுப்புகிறேன். புத்தகம் தலையணை அளவு. கையுறைக்கு எங்கள் கடையில் நல்ல மஞ்சள் நிறம் இருந்தது, பாத்திரம் கழுவுகிறது, முழங்கை வரை வரும். உன் மாடுகளுக்குப் பிடிக்கும். ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல். மனித உடம்புப் புத்தகம் உனக்கு எதற்கு? நீயும் லண்டனுக்கு வந்து நாலாம் ஷை அடிக்கத்தானே யோசிக்கிறாய். கள்ளி.

அன்புடன்
ஈசு


குட்மேய்ஸ்
20.1.1991

அன்புள்ள தவம்,

தைப்பொங்கல் பொங்கினோம். பால் பொங்கும் முன்பே புகை எச்சரிக்கை மணி பொங்கியது. உங்கள் பொங்கல் எப்படியோ. உன் பதில் இல்லை. பொதி வந்ததா என்றும் தெரியவில்லை.

மச்சாள், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரிய வேலை பார்த்திருக்கிறோம். றெஜினோல்ட் ஆசிரியரிடம் படிவத்தின் பிரதியைப் பெருமையோடு காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார்.

"மிசிஸ் சபாரத்தினம், இதற்குள் ஒரு மாடு நிற்கிறது" என்றார்.

"ஓம், பாதுகாப்புக்கு" என்றேன்.

இங்கே ஐந்து இடத்துக்கும் ஒரே கடதாசியின் பிரதிதான் போகுமாம். ஒவ்வொருவரும் மற்ற நாலையும் பார்ப்பார்களாம். மனிதரைக் குணப்படுத்துவதுதான் உயிர் மூச்சு என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் பல்லும் மாடும் என்றால், இவளுக்கு என்ன வேண்டுமென்று இவளுக்கே தெரியாது என்றுதான் நினைப்பார்கள் என்றார். ஐந்திலும் மெடிசினே எழுதியிருக்க வேண்டுமாம். தன்னிடம் காட்டாமல் ஏன் அனுப்பினாய் என்று கேட்டார். கண்ணூறு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

நம் ஊரில் ஒரு படியை வெறுமையாய் விட்டால் தலைக்கனம். இங்கே எல்லாப் படியிலும் கால் வைத்தால் மனவுறுதி இல்லை. முப்பத்தாறு வயது போதாதென்று மாட்டையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

இரண்டு மெடிசின் ஏற்கனவே மறுத்துவிட்டன. டென்டலும் மறுத்தது. மிச்சம் ஒரு மெடிசினும் கம்டன் ரவுன் மாடும். நேற்று இவர் தானாகவே ஒரு சமையல் புத்தகம் எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வந்தது.

மாமியைக் கேட்டதாகச் சொல். பதில் போடு.

ஈசு


யாழ்ப்பாணம்
2.2.1991

அன்பு ஈசுவுக்கு,

இங்கே இருக்கிறவர்கள் சுகம். உன் கார்த்திகைக் கடிதமும் பொதியும் சேர்ந்தே வந்தன. அதற்குப் பிறகு எழுதினாயோ தெரியாது.

கையுறை மிக அழகு. மஞ்சள் எனக்குப் பொருந்தும் என்று நீ அந்தக் காலத்திலேயே சொல்வாய். புத்தகத்துக்கு உறை போட்டு, பொலித்தீனால் சுற்றி, சாமி அறையில் வைத்திருக்கிறேன். சில நாளில் மூன்று நாலு தரம் எடுக்க வேண்டியிருக்கிறது. கைப்பகுதிப் பக்கங்கள் அதற்குள் கழன்றுவிட்டன, கோதுமை மா பசை போட்டு ஒட்டினேன்.

நான் ஷை அடிக்கிறேனா என்று கேட்டாய். அப்படியே வைத்துக்கொள். இங்கே பரீட்சைக்குத் திகதி சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாஸ்டரின் கொட்டிலை இப்போது அடிக்கடி நினைப்பேன். தவளையை வெட்ட எனக்குக் கை நடுங்கும். நீதான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இது தவளை இல்லையடி, மாஸ்டர் எண்டு நினை" என்பாய். அது வேலை செய்தது. இப்போதும் சில வேளை அப்படி ஒன்றை நினைக்க வேண்டியிருக்கிறது.

தோர்ண்டன் ஹீத் பெண்ணைக் கைவிடாதே. வீடு இருக்கிறதே.

தவம்


குட்மேய்ஸ்
17.3.1991

என் அன்பு மச்சாளுக்கு,

சுகம் விசாரிப்பதையெல்லாம் இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்வோம். நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மிச்சமிருந்த அந்த ஒரு மெடிசின். பங்குனி கடைசிக் கிழமை.

றெஜினோல்ட் ஆசிரியர், "மாட்டைப் பார்த்தும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் மாட்டைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்" என்கிறார். அப்படிக் கேட்டால் என்ன சொல்வது? பொய் சொல்ல யோசித்தேன். ஆனால் நான் சொன்ன கடைசிப் பொய்க்கு இப்போது மூன்றாவது சம்பந்தமும் வந்துவிட்டது. ராஜலட்சுமி, "பையனோட ஜாதகமாவது குடுங்களேன்" என்று வாசலில் நிற்கிறா.

வீட்டில் ஒத்திகை நடக்கிறது. இவர் மேசைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பேராசிரியராக இருக்கிறார். தபால் பிரிக்கிற இடத்தில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த முகம், கொட்டாவி விட்டுக்கொண்டே கேள்வி கேட்கும்.

"மிசிஸ் சபாரத்தினம், ஏன் டொக்டரா வர விரும்புறியள்?"

"மக்களுக்குச் சேவை செய்ய."

"புருசனுக்குச் செய்யிற சேவை போதாதோ?"

"சேர், அது பாடத்திட்டத்திலை இல்லை."

சிரித்து முடிந்து, தனியே இருக்கும்போதுதான் பயம் பிடிக்கிறது. ஏன் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை, தவம். நன்றாகப் படிக்கிற பிள்ளை டொக்டராகத்தானே வரும் என்பதோடு நம் ஊரில் பேச்சு முடிந்தது. எனக்கே விடை தெரியாது. நீ சொல்லு. உடனே எழுது.

நீயும் மாமியும் சுகம்தானே.

ஈசு


குட்மேய்ஸ்
7.4.1991

அன்புள்ள தவமலருக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்த முறை உண்மையாகக் கேட்கிறேன்.

உன் பதில் வரவில்லை. ஆனால் நேர்முகத்துக்கு முந்தின சனிக்கிழமை உன் வீட்டுக்குப் பக்கத்து ஞானரட்ணம் அண்ணை தோர்ண்டன் ஹீத்துக்கு மகளிடம் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஊரிலிருந்து புதிதாய் ஒருவர் வந்தால் எங்கள் சனம் விடுமா. கத்தரிக்காய்க் குழம்பு ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு இரண்டு ரயில் மாறிப் போனேன். பாதிக் குழம்பு என் கோட்டில்.

"தவமலர் எப்பிடி அண்ணை?" என்று கேட்டேன்.

"டொக்டர் அம்மா இருக்கிறா. நித்திரைதான் இல்லை."

"ஏன், மாட்டுக்கெல்லாம் ராவிலையோ நோய் வருது?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

"பிள்ளை, மாட்டை ஆர் இப்ப பாக்கினம். ஆஸ்பத்திரிப் பக்கம் போக ஏலாமல் கிடந்த நேரம், என்ர பேரன்ரை காலிலை தகரம் வெட்டிப்போட்டுது. தூக்கிக்கொண்டு இவவிட்டை ஓடினம். கதவைப் பூட்டிப்போட்டா. 'நான் மாட்டுக்குப் படிச்சனான், அண்ணை, என்னட்டைக் கொண்டு வராதையுங்கோ' எண்டு உள்ளுக்கை நிண்டு அழுறா. அப்ப என்ர மருமகள் வெளியிலை நிண்டு சொன்னாள், 'அக்கா, அப்ப இவனையும் மாடு எண்டு நினைச்சுத் தையுங்கோ' எண்டு. கதவு திறந்துது."

அதற்குப் பிறகு அந்தக் கதவு பூட்டவில்லையாம். பெரிய காயங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாயாம், போக முடியாதவர்களை நீயே பார்ப்பாயாம்.

"லண்டனிலை இருந்து ஒரு புத்தகம் வந்தது. அதுக்குப் பிறகு அவவின்ரை கை நடுங்கேல்லை. சனம் இப்ப மஞ்சள் கையுறை டொக்டர் எண்டுதான் சொல்லுது. கொதிதண்ணியிலை போட்டுப் போட்டு அது வெளுத்தும் போச்சு" என்றார்.

நான் குழம்புச் சட்டியைக் கழுவித் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை நேர்முகம். மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியர் என் படிவத்தைத் தூக்கிப் பிடித்து, "மிசிஸ் சபாரத்தினம், இந்தக் கடைசி வரி இங்கே என்ன செய்கிறது?" என்று கேட்டார்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. மாஸ்டரின் ஏணியைச் சொன்னேன். மூன்று ஷை சொன்னேன், கலியாணத்தையும் சொன்னேன். அவர்கள் நன்றாகச் சிரித்தார்கள். பிறகு உன்னைச் சொன்னேன். கதவைச் சொன்னேன். பாத்திரம் கழுவுகிற கையுறையைச் சொன்னேன். "தெரியாமல் எழுதிய வரிதான் அது. ஆனால் இன்று திரும்ப எழுதச் சொன்னாலும் அதை வெட்டமாட்டேன். அந்தப் படியில் நிற்கிறவளை எனக்குத் தெரியும்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் டொக்டராக வேண்டும் என்று கேட்கவும் இல்லை. ஓரத்தில் இருந்த அம்மா, "இப்போது சரியான கையுறை அனுப்பிவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டா.

அனுப்பியிருக்கிறேன். கொழும்புக்குப் போகிறவர் கையில், தையல் ஊசி நூலோடு. இரண்டு கடிதத்திலும் நீ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய், நான் எல்லாவற்றுக்கும் பகிடி விட்டிருக்கிறேன். நீயாவது ஒரு தரம் திட்டியிருக்கலாம்.

ஈசு


யாழ்ப்பாணம்
28.4.1991

அன்பு மச்சாள்,

அம்மாவுக்குக் கொஞ்சம் இருமல், மற்றப்படி சுகம். உன் பங்குனிக் கடிதம் இன்றுதான் வந்தது. நேர்முகம் முடிந்திருக்கும். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் நீ அடுத்த பிறப்பிலும் சொல்லிக் காட்டுவாய்.

மக்களுக்குச் சேவை என்று சொல்லாதே. அதை எல்லோரும் சொல்வார்கள். ஒருவர் வந்து கையை நீட்டும்போது, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதைப் போல் பொல்லாதது ஒன்றுமில்லை, அப்படி நிற்க எனக்கு விருப்பமில்லை என்று சொல். இதை எங்கே படித்தாய் என்று கேட்டால், என் மச்சாள் ஒருத்தி மாடு வளர்க்கிறாள் என்று சொல்.

முடிந்தால் அந்த மஞ்சளில் இன்னொரு சோடி.

தவம்


குட்மேய்ஸ்
2.6.1991

என் தவத்துக்கு,

சுகம், சுகம், சுகம். மூன்று பேருக்கும் ஒவ்வொன்று.

உன் சித்திரைக் கடிதம், எல்லாம் முடிந்த பிறகு வந்தது. நான் அங்கே இரண்டு பக்கம் பேசியதை நீ மூன்று வரியில் எழுதியிருக்கிறாய். எப்போதும் இப்படித்தான்.

கடந்த புதன்கிழமை விடிய இவர் ஷிப்ட் முடிந்து வந்தார். உடுப்பு மாற்றவில்லை, படுக்கவில்லை. வாசல் கதவுக்கு எதிரே கதிரையைப் போட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். "என்னப்பா?" என்றேன். "ஒண்டுமில்லை" என்றார். முகம் மட்டும் கோயில் தேர்போல் இருந்தது. நான் வேலைக்கு வெளிக்கிட, "இண்டைக்குக் கொஞ்சம் பிந்திப் போமன்" என்றார்.

தபால்காரன் வந்தான். பிறகுதான் விஷயம் தெரிந்தது. இரவு கடிதம் பிரிக்கும்போது எங்கள் விலாசத்துக்குரியது இவர் கையிலேயே வந்திருக்கிறது. மறுப்புக் கடிதங்கள் மெல்லிசு என்பது எங்கள் அனுபவம். இது தடிப்பு. எடுத்துக்கொண்டு வர முடியாது, அரசாங்கத் தபால். திறக்கவும் முடியாது. தன் கையாலேயே எங்கள் தெருக் கடிதங்களின் தட்டில் போட்டுவிட்டு, அதற்கு முன்னால் ஓடிவந்து வாசலில் காத்திருந்திருக்கிறார்.

கிடைத்துவிட்டது, தவம். நிபந்தனை ஒன்றும் இல்லை. ஐப்பசியில் தொடங்குகிறது. இவர் அன்றைக்கே பருப்பு வைத்தார். மகள் "அப்பா, இட்ஸ் நைஸ்" என்று சொல்லித் தண்ணீர் இரண்டு கிளாஸ் குடித்தாள்.

ராஜலட்சுமிக்கு உண்மையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டா. பிறகு, "அப்போ அந்த உயரமான பையன்?" என்று கேட்டா. அவனைக் கைவிட அவவுக்கு மனமில்லை. ஆனால் அன்று பின்னேரமே கணவரின் பழைய ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுவந்து, "அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன், நீங்களே வெச்சுக்கோங்க" என்று தந்தா.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ வெளிக்கிட்டு வா. மாமியையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே பின்னறை சும்மா கிடக்கிறது. மாட்டையே தாங்கிய படிவம் உன்னையும் தாங்கும். இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம்.

காத்திருக்கும்
ஈசு


யாழ்ப்பாணம்
14.8.1991

டொக்டர் சிவனேஸ்வரி சபாரத்தினம் அவர்களுக்கு,

இன்னும் ஆகவில்லை என்பாய். இருக்கட்டும், இந்தப் பெயரை எழுதிப் பார்க்க எனக்குப் பதினாறு வருஷ ஆசை.

சித்திரையில் நீ எழுதியதும் ஆனியில் நீ எழுதியதும் ஒன்றாய் வந்தன. ஞானரட்ணம் அண்ணைக்கு வாய் கொஞ்சம் நீளம். நீ பகிடி விட்டது பற்றி யோசிக்காதே. அந்தக் கடிதங்கள் வரும் நாளில்தான் இந்த வீட்டில் சிரிப்புக் கேட்கும். உண்மையை எழுதியிருந்தால் நீ பகிடியை நிறுத்தியிருப்பாய், அதுதான் எழுதவில்லை.

சரியான கையுறை வந்தது. ஆனால் சின்னப் பிள்ளைகள் மஞ்சளைத்தான் கேட்கிறார்கள்.

வா என்கிறாய். நான் வரவில்லை, ஈசு. எனக்கு இங்கே வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது, இடையில் எழும்பி வர முடியாது. இனி ஒளிக்க ஒன்றும் இல்லாதபடியால் நேரே கேட்கிறேன். போன கிழமை ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் வாசலில் பிறந்தன. இரண்டும் சுகம், தாயும் சுகம். நான்தான் இன்னும் சுகப்படவில்லை. எனக்குத் தெரியாதது எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீ படிக்கிறதை எனக்கும் எழுது. பழையபடி. மங்கலாயிருந்தாலும் வாசிக்கப் பழகிய கண் இது.

தவம்


குட்மேய்ஸ்
6.10.1991

அன்புள்ள தவத்துக்கு,

மாமியின் இருமல் எப்படி? இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் கூட மரியாதையாக நடக்கிறது, மாணவியின் முழங்கால் அல்லவா.

முதற்கிழமை முடிந்தது. வகுப்பில் எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. உள்ளே போனதும் ஒரு பெடியன் எழுந்து கதவைத் திறந்து, "குட் மோர்னிங், புரொபசர்" என்றான். நானும் ஒரு கணம் பேராசிரியராகவே நடந்து, பிறகு வந்து அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். பாவம், பாடம் முடியும்வரை அவன் அசையவில்லை.

முதல் பாடம் கை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை. நான் கொப்பியைத் திறந்து, தாளுக்கு அடியில் ஒரு நீலத் தாளைச் செருகி, அதற்கடியில் இன்னொரு வெள்ளைத் தாளை வைத்தேன். அவன் எட்டிப் பார்த்து அது என்னவென்று கேட்டான். கார்பன் தாள் என்றேன். அவன் பிறப்பில் கண்டதில்லையாம். இல்ஃபோர்டில் தேடி அலைந்து, கடைசியில் அப்டன் பார்க்கில் ஒரு கடையின் பின்பக்கத்தில் இவர்தான் ஒரு பெட்டி கண்டுபிடித்தார். வேறு யாரும் கேட்பதில்லையென்று கடைக்காரர் சொன்னாராம். முழுப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், ஐந்து வருஷப் படிப்பல்லவா.

பேனையை அழுத்தி எழுதவேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. முதல் பக்கத்தில் அடித்தாள் தெளிவில்லை. இரண்டாம் பக்கத்தில் கை பழைய பழக்கத்துக்கு வந்துவிட்டது. படங்கள் வழக்கம்போல் மோசம். பெருவிரல் மாஸ்டரின் மூக்குப்போல் வந்திருக்கிறது, நீ கண்டுபிடித்துவிடுவாய். பிள்ளைப்பேறு வர இன்னும் நாளாகும் என்கிறார்கள். அதனால் மேல்வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, அதன் நோட்ஸை இரவல் வாங்கிக் கையால் பிரதி எடுத்திருக்கிறேன். அதுவும் இதற்குள் இருக்கிறது. உன் வாசலுக்கு அடுத்த இரட்டை வருவதற்குள் வந்து சேரட்டும்.

ஒன்று மட்டும் மாற்றியிருக்கிறேன். இந்த முறை மங்கல் பிரதியை நான் வைத்துக்கொண்டேன். மேல் தாள் உனக்கு.

உன்
ஈசு